ஃபால்ஸ்டாட் சர்க்யூட் சிமுலேட்டர்: டிப்ளமோ பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் காட்டுவேன்

பாளையங்கோட்டையில் வீட்டிலேயே சாயங்காலம் டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். கம்ப்யூட்டரில் சர்க்யூட்டை வரைந்து ஓட்டிப் பார்க்கிற இந்த சிமுலேட்டரை ரெண்டு வருஷமாகத் தினமும் திறந்து வைத்துத்தான் பாடம் நடக்கிறது, அதனால் நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

நான் படித்த காலேஜ் லேபில் மின் அலையைத் திரையில் காட்டும் ஒரு சி.ஆர்.ஓ.வைச் சுற்றி ஆறு பேர் நிற்போம். ஒருத்தர் நாப் திருகுவார், ஒருத்தர் திரையில் டிவிஷன் (கட்டம்) எண்ணிச் சொல்வார், மற்ற நாலு பேரும் அதை ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டு போவோம். மூணு வருஷத்தில் அந்த நாபை நான் என் கையால் திருகியது எத்தனை தடவை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். கருவியைத் தொடாமலே அளக்கப் படித்தோம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை, அதனால்தான் இந்த சிமுலேட்டர் மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

பால் ஃபால்ஸ்டாட் என்பவர் முதலில் ஜாவா ஆப்லெட்டாக எழுதியது. அப்புறம் இயன் ஷார்ப் என்பவர் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றிக் கொடுத்ததால் இப்போது எந்த பிரவுசரிலும் ஓடுகிறது. காசு கிடையாது, லாகின் கிடையாது, நெட் இல்லாதபோது ஓட்ட கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ளும் பதிப்பும் இருக்கிறது. திறந்த உடனே காயில், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் சேர்ந்த ஒரு எல்.ஆர்.சி. சர்க்யூட் ஓடிக்கொண்டிருக்கும், சுவிட்சைத் தட்டினால் கீழே ஸ்கோப்பில் அலை ஆடி ஆடி அடங்கும். பாசிட்டிவ் வோல்டேஜ் பச்சை, நெகட்டிவ் சிவப்பு, கிரவுண்ட் சாம்பல் நிறம். கரண்ட் மஞ்சள் புள்ளிகளாக ஒயருக்குள் ஓடும். 1 கிலோஓமும் 2 கிலோஓமும் பேரலலில் போட்டால் 1 கிலோஓம் பக்கம் புள்ளிகள் ரெண்டு மடங்கு வேகத்தில் ஓடுவது கண்ணுக்கே தெரியும். சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து வரும் பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, “மிஸ், கன்னடியன் கால்வாய்ல மடை பிரியுத மாதிரில்லா இருக்கு” என்றான். அதற்கு மேல் நான் விளக்கத் தேவையே இருக்கவில்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்லைடர்தான். எந்தப் பொருளின் மேலும் ரைட் கிளிக் செய்து ஸ்லைடர் என்பதைத் தேர்ந்தெடுத்து, எந்த மதிப்பு எதிலிருந்து எது வரை மாற வேண்டும் என்று கொடுத்துவிட்டால், வலது பக்கம் ஒரு பட்டை வந்து உட்காரும், சர்க்யூட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை இழுக்கலாம். எல்டி ஸ்பைஸ் என்கிற இன்னொரு சிமுலேட்டரும் இலவசம்தான், கணக்கு துல்லியம் வேண்டுமென்றால் அதைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் அதில் மதிப்பைக் கொடுத்து, ஓட்டி, முடிந்த வரைபடத்தைப் பார்க்கிறோம். இங்கே நாபைத் திருகத் திருக அலை மாறுகிறது. படிக்கிற பிள்ளைக்கு இது ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

உதாரணமாக 1 கிலோஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் வைத்து குறைந்த ஃப்ரீக்வென்சியை மட்டும் விடும் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் போட்டு, 5 வோல்ட் ஏசி கொடுத்து, ஃப்ரீக்வென்சிக்கு ஸ்லைடர் வைத்துக்கொடுப்பேன். 100 ஹெர்ட்ஸில் அவுட்புட் கிட்டத்தட்ட முழு 5 வோல்ட். மெல்ல இழுத்து 1.6 கிலோஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கட்-ஆஃப் ஃப்ரீக்வென்சிக்கு, வந்தால் 3.5 வோல்ட், அலையும் 45 டிகிரி பின்தங்கி நிற்கும். 16 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் அரை வோல்ட்தான் மிச்சம். கட்-ஆஃப் ஃப்ரீக்வென்சி சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்கிற பிள்ளைகள் அந்த இடத்தைத் தன் விரலால் கண்டுபிடிக்கும்போது முகத்தில் வருகிற வெளிச்சம் இருக்கிறதே, அதற்காகவே எத்தனை தடவை வேண்டுமானாலும் இந்தப் பாடத்தை எடுக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 16 கிலோஹெர்ட்ஸில் அலை வளைவாக இல்லாமல் கோணல் மாணலாகத் தெரியும், சர்க்யூட்டில் தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். டைம் ஸ்டெப், அதாவது சிமுலேட்டர் ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் விடும் இடைவெளி, முதலில் 5 மைக்ரோசெகண்டில் இருக்கும், அந்த வேகத்தில் ஒரு அலைக்குப் பன்னிரண்டு பதிமூன்று புள்ளிதான் விழும். ஆப்ஷன்ஸுக்குள் போய் அதை 500 நானோசெகண்டுக்குக் குறைத்தால் அலை அழகாக வரும். ஆனால் ஓட்டம் மெதுவாகிவிடும், பழைய லேப்டாப் என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அடுத்தது அளக்கிற விஷயம். மவுஸை ரெசிஸ்டர் மேல் கொண்டுபோனாலே வோல்டேஜும் கரண்டும் மூலையில் வந்துவிடும். வசதிதான், ஆனால் அதிலேயே ஒரு பள்ளமும் இருக்கிறது. கல்லிடைக்குறிச்சிப் பிள்ளை ஒருத்தி 9 வோல்ட் பேட்டரியில் ரெண்டு 1 மெகாஓம் ரெசிஸ்டரை சீரிஸில் போட்டு, சிமுலேட்டரில் சரியாக 4.5 வோல்ட் பார்த்துவிட்டு, அதையே வீட்டில் போர்டில் செய்து மீட்டர் வைத்திருக்கிறாள். “மிஸ், 4.27தான் காட்டுது, மீட்டர் கெட்டுப்போச்சா?” என்று மூஞ்சி வாடி வந்தாள். “ஏட்டி, மீட்டரும் ஒரு ரெசிஸ்டர்தான், அதை வரைஞ்சியா நீ?” என்று கேட்டேன். அவளே கீழ் ரெசிஸ்டருக்குப் பேரலலில் 10 மெகாஓம் ஒன்றைப் போட்டாள். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை அவ்வளவுதான் இருக்கும். உடனே 4.286 என்று வந்தது. மிச்ச வித்தியாசம் ரெசிஸ்டரின் டாலரன்ஸ், அதாவது எழுதியிருக்கிற மதிப்பிலிருந்து அது கொஞ்சம் விலகுவது. அப்புறம் அந்த 10 மெகாஓமுக்கு ஒரு ஸ்லைடர் வைத்து 200 கிலோஓம் வரை இறக்கச் சொன்னேன், வோல்டேஜ் 1.29க்கு விழுந்துவிட்டது. பழைய ஊசி மீட்டரில், வோல்ட்டுக்கு 20 கிலோஓம் வகை, 10 வோல்ட் ரேஞ்ச் வைத்தால் கிடைப்பது அதுதான். லோடிங் எஃபெக்ட் என்று புத்தகத்தில் ரெண்டு வரி இருக்கும், அந்த ரெண்டு வரிக்கு இப்படி உயிர் வந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்த சிமுலேட்டரில் அம்மீட்டரை நேராக பேட்டரிக்குக் குறுக்கே வைத்தால் தடையே இல்லாத லூப் என்று சொல்லி நின்றுவிடும், அவ்வளவுதான். நிஜ மீட்டரில் ஃபியூஸ் போகும். எல்.இ.டி.யும் ரெசிஸ்டர் இல்லாமல் எரிந்துபோகாது. அந்தப் பயத்தைப் பழக்க டிங்கர்கேட் என்கிற இன்னொரு சிமுலேட்டர் நல்லது, அதில் பிரெட்போர்டே இருக்கிறது, சிவப்பு கறுப்பு முனையோடு மீட்டர் இருக்கிறது, எல்.இ.டி.யில் 20 மில்லிஆம்பியருக்கு மேல் போனால் எச்சரிக்கையும் வரும். ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐ.சி.) பாடத்திலும் கவனம் தேவை. இதில் சாதாரணமாக எடுத்துப் போடும் ஆப்-ஆம்ப் அளவுக்கு மீறிய ஒழுக்கசாலி. 741 என்கிற நிஜ ஆப்-ஆம்பின் அவுட்புட் ஒரு மைக்ரோசெகண்டுக்கு அரை வோல்ட்தான் ஏற முடியும் என்பது அதில் தெரியாது.

போனில் ஒயர் இழுப்பது கஷ்டம், விரல் ஒரு பக்கம் போனால் கோடு ஒரு பக்கம் போகும். ஆனால் ஸ்லைடரைத் தள்ளுவது சுலபம். அதனால் சர்க்யூட்டை நானே லேப்டாப்பில் போட்டு, ஸ்லைடரும் வைத்து, லிங்க்காக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். முழு சர்க்யூட்டும் அந்த லிங்க்குக்குள்ளேயே இருக்கும், நாம் எதையும் எங்கும் சேமித்து வைக்க வேண்டாம். செங்கோட்டை பாசஞ்சரில் வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் போனைக் குறுக்கே பிடித்துக்கொண்டு அம்பாசமுத்திரம் வருவதற்குள் ரீடிங் எடுத்து டேபிள் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். நான் அனுப்புகிற லிங்க்கில் அளக்கிற இடத்தில் எப்போதும் ஒரு 10 மெகாஓம் இருக்கும், பக்கத்திலேயே ‘மீட்டர்’ என்று எழுதியிருக்கும்.