நாட்பட்ட சோர்வுக்கு எடுத்துக்கொண்ட சத்து மாத்திரைகள்: சில ஆண்டு அனுபவம்

கொரோனாவின் இரண்டாம் அலையில் எனக்கு வந்த காய்ச்சல் போன பிறகும் அசதி மட்டும் போகவில்லை. இரவு முழுவதும் உறங்கி எழுந்தாலும் உறங்காதவளைப் போலவே இருப்பதும், ஒரு வாளித் துணியைத் துவைத்து உலர்த்திய மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையை விட்டு எழ முடியாமல் போவதும், படித்த பத்தியையே மறுபடி படித்தும் மனத்தில் நிற்காமல் நழுவுவதும் மாதக்கணக்கில் தொடர்ந்தன. பார்க்க வந்த உறவினர்கள் ஆளுக்கொரு மாத்திரையின் பெயரைச் சொன்னார்கள். அவற்றில் பலவற்றை மருத்துவரின் பார்வையில் இந்த ஆண்டுகளில் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். எதனால் பயன் கிடைத்தது, எது வெறும் செலவாக முடிந்தது, எதில் ஆபத்து இருக்கிறது என்பதை இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். நீண்ட நாள் சோர்வு என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு இரத்தசோகை, தைராய்டு குறைவு, சர்க்கரை, பி12 குறைவு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வு என்று கண்டுபிடிக்கக்கூடிய காரணம் ஒன்று இருக்கும். இவை எதனாலும் விளக்க முடியாமல், ஆறு மாதங்களுக்கு மேல் அன்றாட வேலைகளே முடங்கி, சிறிது உழைத்தாலும் அதன் விளைவு மணிக்கணக்கு கழித்தோ மறுநாளோ வந்து சாய்த்துவிடுகிற நிலை வேறு. அதைத்தான் நாட்பட்ட சோர்வு நோய்க்குறி என்கிறார்கள். அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2015-இல் வகுத்த அளவுகோலில், உழைப்புக்குப் பின் வரும் இந்தச் சரிவும் புத்துணர்வு தராத உறக்கமும் கட்டாய அறிகுறிகள். அவற்றோடு நினைவு மங்குதலோ, எழுந்து நின்றால் தலைசுற்றலோ இருக்க வேண்டும். எனக்கு இரண்டு வகையும் கலந்திருந்தன. இரத்தத்தில் இரும்பு இருப்பும் பி12-உம் குறைவாக இருந்தன. அவற்றைச் சரிசெய்த பிறகும் அந்தச் சரிவு நிற்கவில்லை.

பிரிட்டனில் சிகிச்சை முறைகளை வகுத்துத் தரும் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி எந்த மருந்தையும் எந்தச் சத்து மாத்திரையையும் கொடுக்கக் கூடாது என்று வெளிப்படையாகக் கூறுகிறது. இதைத் தொடக்கத்திலேயே என் மருத்துவர் சொல்லிவிட்டதால், பெரிய எதிர்பார்ப்பு எதையும் வைத்துக்கொள்ளாமல்தான் ஒவ்வொன்றையும் தொடங்கினேன். ஒரே நேரத்தில் இரண்டைத் தொடங்குவதில்லை என்றும், அன்றன்று எவ்வளவு நேரம் நிற்க முடிந்தது, எத்தனை முறை படுக்க வேண்டியிருந்தது என்பதைக் குறித்துவைப்பது என்றும் ஏற்பாடு. மனத்தில் தோன்றுவதை நம்பினால், புதிதாக வாங்கிய எந்த மாத்திரையும் முதல் வாரத்தில் நன்றாகத்தான் வேலை செய்யும்.

பயன் தெளிவாகத் தெரிந்தது இரும்புச் சத்தில்தான். எனக்கு ஹீமோகுளோபின் அளவு குறைவு என்று சொல்லும்படி இல்லை. சேமிப்பு இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் தான் மிகவும் கீழே இருந்தது. வழக்கமான இரத்தப் பரிசோதனையோடு நிறுத்தியிருந்தால் அது தெரிந்திருக்காது. தேசிய குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்குப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரத்தசோகை அளவுக்குப் போகாமல் சேமிப்பு மட்டும் கரைந்துபோனவர்கள் இந்தக் கணக்கில் வருவதேயில்லை. பிரான்சில் அப்படிப்பட்ட, அதாவது ஹீமோகுளோபின் சரியாக இருந்து ஃபெரிட்டின் 50-க்குக் கீழே இருந்த 198 பெண்களிடம் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 12 வாரம் இரும்பு மாத்திரை எடுத்தவர்களின் சோர்வு மதிப்பெண் ஏறத்தாழ 48 சதவீதம் குறைந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் 29 சதவீதம் குறைந்தது. என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது எண்தான் முக்கியமானது. எந்தச் சத்து மாத்திரைக்கும் கிடைக்கும் பாராட்டில் ஏறக்குறைய இவ்வளவைக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

இரும்பு மாத்திரையை விழுங்குவது சுகமான காரியம் அல்ல. வயிற்றைப் பிசையும், மலம் கறுத்துக் கட்டியாகும், நாக்கில் துருப்பிடித்த சுவை தங்கும். தினமும் எடுத்துத் தாங்க முடியாமல் போனபோது மருத்துவர் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கச் சொன்னார். ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் அடுத்த நாள் வரைக்கும் உறிஞ்சுதலைத் தடுக்கும் ஹெப்சிடின் என்ற சுரப்பு கூடுகிறது என்பதால், இடைவெளி விட்டால் உறிஞ்சப்படும் விகிதமே கூடுகிறது என்று சூரிச் நகரில் நடந்த ஆய்வு 2017-இல் காட்டியிருக்கிறது. எனக்கு வயிற்றுத் தொல்லையும் பாதியானது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் காபி, தேநீர் கூடாது என்பதுதான் எங்கள் வீட்டில் கடைப்பிடிக்கக் கடினமாக இருந்த விதி. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதற்கும் இரும்புக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். பரிசோதிக்காமல் இரும்பைத் தொடங்குவது ஆபத்து; தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்களுக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருந்தாலும் இரும்பு போதுமான அளவில் இருக்கலாம், தேவையின்றிச் சேரும் இரும்பை உடல் வெளியேற்றுவதற்கு வழி கிடையாது. குழந்தைகள் உள்ள வீட்டில் அதைக் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். மிட்டாய் என்று எண்ணி நாலைந்தை விழுங்கினால் சிறு பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகும்.

அடுத்தது பி12. நாங்கள் சைவ உணவுக்காரர்கள். பாலும் தயிரும் தவிர இந்தச் சத்துக்கு வேறு வழி இல்லை. மெட்ஃபார்மின் எடுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும், வயிற்றெரிச்சலுக்காகப் பாண்டோபிரசோல் போன்றவற்றை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்களுக்கும் இது குறையும். ஊசியாகப் போட்டுக்கொண்ட பின் பாதத்தில் இருந்த மரமரப்பு குறைந்தது, சொற்களைத் தேடித் தடுமாறுவதும் ஓரளவு குறைந்தது. மறுநாள் சரிவில் மாற்றமில்லை. குறைபாடு இல்லாதவர்களுக்கு இதே ஊசி சக்தி கொடுக்கும் என்பதற்கு நல்ல சான்று எதுவும் இல்லை, ஆனாலும் அசதி என்று போனவுடன் ஊசி போடுவது நம் பக்கத்துப் பழக்கமாகவே ஆகிவிட்டது.

மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைக்கும் பி காம்ப்ளக்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். அதைச் சாப்பிட்ட சில மணி நேரத்தில் சிறுநீர் பளீரென்ற மஞ்சளாவதைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள், சிலர் மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்கிறார்கள். உடலுக்கு வேண்டாத ரிபோஃப்ளேவின், அதாவது பி2, வெளியேறுகிறது, அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது பி6. இது நீண்ட காலம் அதிக அளவில் சேர்ந்தால் நரம்பையே பாதித்துக் கை கால் மரத்துப்போகச் செய்யும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 12 மி.கி. என்று உச்சவரம்பைக் குறைத்தது. மரமரப்புக்கென்று வாங்கும் நரம்பு மாத்திரையே மரமரப்பைக் கொண்டுவரலாம் என்பதால், அட்டையின் பின்புறத்தில் உள்ள அளவைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

வைட்டமின் டி குறைவாக இருந்தது, வாரம் ஒன்றாக 60,000 யூனிட் பொட்டலத்தை மருத்துவர் சொன்ன காலம் வரை எடுத்து முடித்தேன். சோர்வில் வித்தியாசம் தெரியவில்லை. வாரத்துக்கு ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு சாப்பிட்டால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

நான் அதிகம் செலவழித்தது கோஎன்சைம் க்யூ10-க்கு. செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் இடத்தில் வேலை செய்யும் பொருள் என்பதால் விளம்பரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று கிடையாது. ஸ்பெயினில் 200 மி.கி. அளவில் என்ஏடிஹெச் என்ற மற்றொரு பொருளோடு எட்டு வாரம் கொடுத்துப் பார்த்து 2015-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில் சோர்வு ஓரளவு குறைந்ததாகக் காட்டியிருக்கிறார்கள். கொழுப்பில் கரைவது என்பதால் நெய் சேர்த்த மதிய உணவோடு எடுத்துக்கொண்டேன். சித்திரை வெயிலில் அந்த ஆரஞ்சு நிற எண்ணெய்க் குளிகைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எண்ணெய் கசிந்து விரலெல்லாம் மஞ்சளாகும். எடுத்த மாதங்களையும் நிறுத்திய மாதங்களையும் குறிப்பேட்டில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எது எந்த மாதம் என்று தேதியை மறைத்துவிட்டுச் சொல்ல முடியாது. பெரிய கெடுதலும் இல்லை, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களைத் தவிர. அந்த மருந்தின் வேலையை இது குறைத்துவிடும்.

இந்த வரிசையில் எனக்குப் பாதி நம்பிக்கையும் பாதி எச்சரிக்கையும் உள்ளது அமுக்கரா கிழங்கு. அசுவகந்தா என்று பளபளப்பான டப்பாவில் விற்பதும் சித்த மருத்துவர்கள் சூரணமாகக் கொடுப்பதும் இதே செடிதான். இரவில் வெதுவெதுப்பான பாலில் கலந்து குடித்த காலத்தில் உறக்கம் உண்மையிலேயே ஆழமானது. பகல் அசதி மாறவில்லை. காலையில் மந்தம் கூடியது. இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்று இதைக் கொள்ள முடியாது. கல்லீரல் பாதிப்புகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன, தைராய்டு சுரப்பை இது கூட்டக்கூடும், கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். டென்மார்க் 2023-இல் தடையே விதித்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தைராய்டு பரிசோதனையில் என் டிஎஸ்ஹெச் மிகக் குறைவாகவும் டி4 அதிகமாகவும் வந்து, தைராய்டு மிகையாகச் சுரக்கிறது என்று அறிக்கை சொன்னது. மருத்துவர் தாளைப் பார்த்தார், என் கையை நீட்டச் சொல்லி நடுக்கம் இருக்கிறதா என்று பார்த்தார், நாடியை எண்ணினார். பிறகு, "முடி கொட்டுதுன்னு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டார். சக்திக்கும் முடிக்கும் சேர்த்து என்று விற்கும் ஒன்றை அப்போது எடுத்துக்கொண்டிருந்தேன். அதில் பயோட்டின் என்ற பி வகை வைட்டமின் 10,000 மைக்ரோகிராம் இருந்தது. அமுக்கராவையும் அதையும் நிறுத்திவிட்டுச் சில நாள் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி இரத்தம் கொடுத்தபோது எல்லாம் சரியான அளவில் வந்தது. இவ்வளவு சீக்கிரம் திரும்பியதால் காரணம் பயோட்டின்தான் என்றார். பல ஆய்வகக் கருவிகள் பயோட்டின் ஒட்டும் முறையில் இயங்குவதால், இரத்தத்தில் அது மிகுந்திருந்தால் உடம்பில் இல்லாத நோயைத் தாளில் காட்டும். மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் அளவையும் இது குறைத்துக் காட்டக்கூடும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இல் எச்சரித்திருக்கிறது. அன்றைக்கு நாடி பார்க்காமல் தாளை மட்டும் பார்த்திருந்தால் தேவையற்ற மருந்து ஒன்று தொடங்கியிருக்கும்.

கடைசியாக, உடனடிச் சக்தி தருவதாகச் சொல்பவை. எனர்ஜி டிரிங்க், தண்ணீரில் நுரைக்கும் மாத்திரை, குவாரானா சேர்த்த பொடி எல்லாவற்றிலும் வேலை செய்வது காஃபின்தான். பரவலாக விற்கும் 250 மி.லி. டின்னில் 80 மி.கி. இருக்கும், ஒரு நல்ல டிகாக்‌ஷன் காபி அதைவிடச் சுவையாகவும் மலிவாகவும் அந்த வேலையைச் செய்துவிடும். காஃபின் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. உழைக்க உழைக்க மூளையில் சேர்ந்து களைப்பை உணர்த்தும் அடினோசினை அது ஒட்டவிடாமல் தடுக்கிறது. வண்டியின் பெட்ரோல் முள்ளைக் கையால் மேலே தள்ளி வைத்தால் டேங்கு நிறைந்துவிடாது.

சாதாரணமாகக் களைத்தவருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. உழைப்புக்குப் பின் சரிவு வருகிற எங்களுக்கு அந்தக் களைப்புணர்ச்சிதான் ஒரே எச்சரிக்கை. டின் குடித்த நாளில் சமையலையும் முடித்து, அலமாரியையும் ஒழித்து, கடைக்கும் போய் வந்திருப்பேன். அதற்குப் பின் வந்த நாட்களின் பக்கங்களில் படுத்தது மட்டும்தான் எழுதியிருக்கும். பக்க விளைவு என்று பட்டியலிடும் படபடப்பு, உறக்கமின்மை ஆகியவற்றைவிட இதை நான் பெரிய இடராகக் கருதுகிறேன்: இந்த நோயில் ஒரு மாத்திரை வேலை செய்யாமல் போவதால் பணம் மட்டும்தான் போகும், வேலை செய்வது போல் உணரவைத்தால் வாரமே போய்விடும். இருக்கும் சக்தியின் எல்லைக்குள் வேலையைப் பகிர்ந்து வைத்துக்கொள்வதைத்தான் நைஸ் வழிகாட்டுதலும் முன்வைக்கிறது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் பழைய முறையை அதே 2021-இல் அது கைவிட்டது.

இப்போது நான் எடுப்பது பி12 மட்டும். ஃபெரிட்டின் அளவை ஆண்டுக்கொரு முறை பார்த்து, இறங்கியிருந்தால் இரும்பைத் தொடங்கி, ஏறியதும் நிறுத்துகிறேன். காபி காலையில் ஒன்று. சத்து மாத்திரை டப்பாக்களில் மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. கடையில் நின்றபடியே அந்தச் சிறிய எழுத்தைத் தேடிப் பாருங்கள். சூரணம் உட்பட எடுத்துக்கொள்ளும் அனைத்தின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி, இரத்தப் பரிசோதனைக்குப் போகும் முன்பே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். டப்பாவைப் படமெடுத்துக்கொண்டு போனாலும் போதும், பின்புறத்தையும் சேர்த்து எடுங்கள்.