சென்னைக்குப் பறக்கலாமா, ரயிலேறலாமா?

நாகர்கோவிலில் பழைய வளைகுடாக்காரர் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் அந்தக் காலத்து பிளைட்டுக் கதை வந்துவிடும். ஒருவரை வழியனுப்ப வேன் நிறைய ஆள். பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு உறவுக்காரர்களும் உள்ளே போகலாம். கைப்பையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் இருந்தால் யாரும் தடுக்கமாட்டார்கள். 1999 காந்தகார் கடத்தல், 2001 நியூயார்க் தாக்குதல், 2006 லண்டன் திரவ வெடிகுண்டுச் சதி என ஒவ்வொன்றும் ஒரு சோதனையைச் சேர்த்துவிட்டது. ஆனால் திரும்பிப் போகும் கார்பன் டிக்கெட்டை ஏஜென்சிக்குக் கொண்டுபோய் ‘ரீகன்பர்ம்’ பண்ணி, பயணத்தை மறுபடி உறுதி செய்யாவிட்டால் இருக்கை போய்விடுமோ என்று பயந்ததை மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்தத் தொல்லை இன்று ஒழிந்தது.

சரி, இப்போது சென்னை போக எது லேசு?

திருவனந்தபுரம் 70 கிலோமீட்டர்தான். ஆனால் மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று நெரிசலில் ஊர்ந்து போக இரண்டு மணி நேரமாவது வேண்டும். அப்புறம் வாசலில் அடையாள அட்டை, உள்ளே பெல்ட்டைக் கழற்று, லேப்டாப்பை எடு. ஒன்றரை மணி நேரம்கூடப் பறக்காத பயணம் வீட்டு வாசலிலிருந்து கணக்குப் பார்த்தால் ஆறு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

தூத்துக்குடி விமான நிலையம் இருப்பது வாகைக்குளத்தில். தூரம் கூடுதல், ஆனால் காவல்கிணறு தாண்டிவிட்டால் நாலுவழிச் சாலை. 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்தாயிற்று. விமானங்கள்தான் குறைவு, நமக்குத் தோதான நேரத்தில் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

2024 ஆகஸ்ட் கடைசியில் வந்த வந்தே பாரத், நாகர்கோவிலில் மதியம் கிளம்பி ஒன்பது மணி நேரத்துக்குள் எழும்பூரில் விடுகிறது. இறங்கும்போது ராத்திரி பதினொரு மணி ஆகிவிடும், ஆட்டோக்காரர் சொன்னதுதான் விலை. அதனால் என் ஓட்டு பழைய கன்னியாகுமரி எக்ஸ்பிரசுக்கு. சாயங்காலம் ஏறினால் விடியலில் எழும்பூர். பிளாட்பாரம் டிக்கெட்டோடு மாமா, சித்தி எல்லோரும் பெட்டி வரை வரலாம். ஏத்தன் வாழைக்குலை, முந்திரிக்கொத்து, மீன் ஊறுகாய் எதையும் யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. அந்தக் காலத்து பிளைட்டில் இருந்ததாகச் சொல்லும் சுகமெல்லாம் இதில்தான் மிச்சமிருக்கிறது.

வளைகுடாவுக்கென்றால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரம்தான். பங்குனி, ஐப்பசியில் டிக்கெட் போடும்போது பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு (சாமியைக் கடலில் நீராட்டும் விழா) என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊர்வலம் விமான ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அன்று சில மணி நேரம் விமானங்கள் கிடையாது.