ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் ‘ஆலயம்’: ஒரு மலிவுப் பதிப்பு

இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரை அடுத்த பெமர்டன் என்னும் சிற்றூரில் கிறிஸ்தவக் குருவாகப் பணியாற்றி 1633-இல் மறைந்த ஆங்கிலக் கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட், இறக்கும் தறுவாயில் நண்பர் நிக்கலஸ் ஃபெரரிடம் சேர்ப்பிக்கச் சொன்ன கவிதைகளே அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் ‘ஆலயம்’ என்ற நூலாக வெளிவந்தன. அதன் மலிவுப் பதிப்பொன்றை வாங்கி ஒரு மாதமாக வாசித்து வருகிறேன்.

அருஞ்சொற்களுக்கான விளக்கங்கள் அந்தந்தப் பக்கத்தின் அடியிலேயே தரப்பட்டிருப்பது பெரிதும் உதவுகிறது. தாளும் கட்டுமானமும் விலைக்குத் தக்கவை. ஆனால், வரிகள் சுருங்கி விரிந்து சிறகின் வடிவம் கொள்ளும் ‘ஈஸ்டர் சிறகுகள்’ கவிதையை நடுவே உடைத்து மறுபக்கத்துக்குத் தள்ளியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. மனிதன் வீழ்ந்து மிகவும் வறியவனாகும் இடத்தில் வரியும் இரண்டே சொற்களாகக் குறுகி, அவன் ஆண்டவரோடு எழும்போது மீண்டும் விரிவதுதான் அக்கவிதையின் உயிர்.

‘திருச்சபை’ என்னும் நடுப்பகுதியின் இறுதியில் வரும் ‘அன்பு’ கவிதைக்காகவே இந்நூலை வாங்கலாம். தகுதியற்றவன் என்று தயங்கி நிற்கும் விருந்தினனை, விருந்தளிப்பவராக உருவகிக்கப்படும் அன்பு கைபிடித்து அழைக்க, அவன் மறுப்பதற்கு ஒவ்வொரு காரணமாகத் தேடி, கடைசியில் சொல்ல ஏதுமின்றி அமர்ந்து உண்ணும் அந்த எளிய முடிவை எட்டும்போதெல்லாம், நான் சற்று நேரம் பக்கத்தைத் திருப்பாமல் இருந்துவிடுகிறேன்.