ரிம்மில் ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் முதலில் நட்டைப் பாருங்கள்

தீபாவளிக்குள் எங்கள் மைவி காரின் ரிம்மைக் கறுப்பாக்க வேண்டும் என்று மகனுக்கு ஆசை. பட்டர்வொர்த்தில் ஒரு கடையில் கேட்டேன். நான்கு ரிம்முக்கும் சாயம் அடிக்க 480 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். அன்றிரவே கைப்பேசியில், ரிம்மில் ஒட்டும் கறுப்பு ஸ்டிக்கருக்கு ஒரு விளம்பரம் வந்து நின்றது: 'அசல் காஸ்ட் வினைல், கூடுதல் தடிப்பு, ஐந்தாண்டு உத்தரவாதம், வீட்டிலேயே ஒட்டலாம்.' விலை 89 வெள்ளி. கத்தியும் தேய்க்கும் அட்டையும் இலவசம். வாங்கிவிட்டேன். கிட்டத்தட்ட 400 வெள்ளி மிச்சம் என்று மனைவியிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

'கூடுதல் தடிப்பு' என்ற சொல்லிலேயே விழித்திருக்க வேண்டும். காஸ்ட் வினைல் என்பது திரவமாக ஊற்றிக் காயவைத்து எடுக்கும் படலம். தடிப்பு சுமார் 50 மைக்ரோன்தான் இருக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. செய்யும்போது எந்தப் பக்கமும் இழுபடாததால், வளைவில் ஒட்டினாலும் ஒட்டிய இடத்திலேயே கிடக்கும். இன்னொன்று காலண்டர் வினைல். சூடான பிவிசியை உருளைகளுக்கு நடுவே விட்டு, நசுக்கி இழுத்துச் செய்வது. விலை மலிவு, தடிப்பும் அதிகம். கடைப் பலகைக்கும் லோரியின் தட்டையான பக்கத்துக்கும் அது தாராளமாகப் போதும். ஆனால் சூடு பட்டால் பழையபடி சுருங்கப் பார்க்கும். ரிம்மில் எங்கே பார்த்தாலும் வளைவு, பின்னாலேயே பிரேக் டிஸ்க்கின் சூடு வேறு. எனக்கு வந்தது இந்த இரண்டாவது வகை. இதையெல்லாம் காசு போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு துப்பும் கண் முன்னாலேயே இருந்தது. 'மைவியில் ஒட்டிய உண்மையான படம்' என்று போட்டிருந்தார்கள். படத்திலிருந்த ரிம்மில் ஐந்து நட். என் மைவிக்கு நான்குதான்.

பிறையில் (Perai) உள்ள எங்கள் வீட்டு முன்னால் ஒரு ஞாயிறு முழுக்க நானும் மகனும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, பிரேக் தூசியைக் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, ஸ்டிக்கர் விற்றவர் அனுப்பிய வீடியோவை அப்படியே பின்பற்றினோம். ஹீட் கன் இல்லை, மனைவியின் ஹேர் டிரையர்தான். ரிம் மேலேயே வைத்துக் கத்தியால் வெட்டச் சொன்னார் வீடியோக்காரர். வெட்டினோம். அந்தக் கீறல்கள் இன்றும் ரிம்மில் இருக்கின்றன. 'நட் துளைக்குள்ளும் ஸ்டிக்கரை மடித்து அழுத்துங்கள், பார்க்கச் சுத்தமாக இருக்கும்' என்றார். அதையும் செய்தோம். உண்மையிலேயே சுத்தமாகத்தான் இருந்தது. மகன் பத்துப் படம் எடுத்தான்.

மூன்றாம் நாள் ஓரங்கள் எழும்பின. விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான், கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பதில் ரொம்ப மரியாதையாக வந்தது: "சாரி பாஸ், வேற ரோல் அனுப்புறோம். முதல்ல 'பொருள் கிடைத்தது'ன்னு அழுத்திடுங்க, அப்பதான் சிஸ்டம் புது ஆர்டரை விடும்." அழுத்தினேன். அதை அழுத்தும் வரை நம் காசு விற்பனைத் தளத்தின் கையில் இருக்கிறது. அழுத்தியதும் விற்பவர் கைக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு என் செய்திகளுக்கு நீல டிக் மட்டும்தான். தளத்தில் புகார் கொடுத்தால், நீங்களே பெற்றுக்கொண்டதாக உறுதி செய்துவிட்டீர்களே என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் தப்பில்லை.

89 வெள்ளி போனது போகட்டும் என்று விட்டிருப்பேன். இரண்டாவது வாரம் பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போகும்போது, பினாங்கு பாலத்தில் முன் இடது சக்கரத்திலிருந்து 'டக், டக்' என்று சத்தம். பாலம் 13.5 கிலோமீட்டர். கடல் மேல் அவசரப் பாதையில் நின்று நட்டைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. இடது பாதையில் மெதுவாக உருட்டிக்கொண்டே தீவுப் பக்கம் இறங்கி, முதலில் கண்ணில் பட்ட டயர் கடைக்குள் நுழைந்தேன்.

அங்கிருந்த ஃபோர்மென் (மெக்கானிக்) நம் ஆள், வயதானவர். ஸ்பேனரைப் போட்டார். நான்கில் மூன்று நட் சும்மா சுற்றின. கழற்றிப் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, நட்டுக்குச் சட்டை போட்டு வச்சிருக்க?" என்றார்.

நட் உட்காரும் சரிவில் உலோகம் உலோகத்தோடு உட்கார வேண்டும். நடுவில் ஸ்டிக்கர் இருந்தால், முடுக்கும்போது இறுக்கமாகத்தான் தெரியும். ஓட ஓடச் சூட்டிலும் அழுத்தத்திலும் அது நசுங்கி விலகும், அந்த அளவுக்கு நட்டின் பிடி போய்விடும். ரிம் ஹப்போடு (சக்கரத்தைத் தாங்கும் நடுப்பகுதி) சேரும் பின்பக்கத்துக்கும் இதே கதைதான். நான்கு சக்கரத்திலும் சுரண்டி எடுத்துவிட்டு எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முடுக்கும் டார்க் (torque) ஸ்பேனரில் முடுக்கினார். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை முடுக்கிப் பார்க்கச் சொன்னார். கூலி 40 வெள்ளி. கொடுக்கும்போது கை நடுங்கியது.

மீதி ஸ்டிக்கரை வீட்டில் சூடு காட்டி உரித்தேன். பசை அப்படியே ரிம்மில் தங்கிவிட்டது. அம்மா சொன்னபடி தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்ததில் பாதி வந்தது.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம் என்று நண்பர் சொன்னார். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. பாரத்தை எடுத்து உட்கார்ந்தேன். எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் கேட்கிறது. இணையத்தில் விற்பவர் பெயரையும் பதிவு எண்ணையும் காட்ட வேண்டும் என்று விதிமுறைகளிலேயே இருக்கிறது. இந்தக் கடையில் ஒரு பூனைப் படமும் ஒரு செல்லப் பெயரும் மட்டும்தான். இப்போது உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் மட்டும் கொடுத்திருக்கிறேன்.

நேற்று மகன் காட்டினான். அதே ஐந்து நட் படம், அதே 'கூடுதல் தடிப்பு', கடைக்கு மட்டும் வேறு பெயர். விலை 79 வெள்ளி.