நாயின் சிறுநீர்க் கசிவுக்குச் சிரப்பா, மாத்திரையா?

கருத்தடை செய்த பெண்நாய் தூக்கத்தில் தன்னை அறியாமல் சிறுநீர் கசியவிட்டால், பிரிட்டனில் கால்நடை மருத்துவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை எழுதித் தருவார்கள். ஒன்று, ஃபீனைல்புரோபனோலமைன் அடங்கிய புரோபலின் சிரப். மற்றது, எஸ்ட்ரியோல் என்ற ஈஸ்ட்ரோஜன் வகைப் பெண் ஹார்மோன் அடங்கிய இன்கியூரின் மாத்திரை. எங்கள் லாப்ரடார் பொன்னிக்கு முதலில் சிரப் கொடுத்தோம். இப்போது மாத்திரை கொடுக்கிறோம். நான் மாத்திரையின் பக்கம்.

எதைத் தொடங்கும் முன்பும் சிறுநீர்ப் பரிசோதனை அவசியம். தொற்று, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, குஷிங் நோய் (கார்டிசால் ஹார்மோன் மிகுவதால் வருவது) என்று எது காரணமானாலும் படுக்கை நனைவது ஒரே மாதிரிதான். நாய் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது என்றால் இந்த இரண்டு மருந்துகளையும் மறந்துவிட்டு அதன் காரணத்தைத் தேடுங்கள். குட்டியிலிருந்தே சொட்டுகிறது என்றால் அது பிறவிக் கோளாறாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு. கருத்தடைக்குப் பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து, சிறுநீரை அடக்கும் தசை தளர்ந்துபோவதால் வரும் கசிவுக்குத்தான் இந்த ஒப்பீடு பொருந்தும். பெரிய இன நாய்களில் இது அதிகம்.

வேகத்தில் சிரப்புக்கே முதலிடம். அந்தத் தசையை நேரடியாக இறுகச் செய்வதால் சில நாட்களிலேயே பலன் தெரியும். எழுந்ததும் படுத்த இடத்தை மோந்து பார்த்துவிட்டுக் காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்ற பொன்னி, அந்த வாரமே காய்ந்த படுக்கையிலிருந்து வாலாட்டிக்கொண்டு எழுந்தாள். அதற்காக அந்த மருந்துக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் இது ஒரு வாரத்து மருந்து அல்ல. பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியது. ஆகவே நாளுக்கு எத்தனை வேளை என்பதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். புரோபலின் சிரப்பை வழக்கமாக 5 கிலோ எடைக்கு 0.1 மில்லி வீதம், நாளுக்கு மூன்று முறை உணவோடு கொடுக்க வேண்டும். 30 கிலோ நாய்க்கு வேளைக்கு 0.6 மில்லி. அளவு சிறிது; மருந்துக் குப்பியோடு வரும் சிரிஞ்சில் உறிஞ்சிச் சோற்றில் விட்டால் முடிந்தது. சிக்கல் மதிய வேளையில்தான். இரண்டு வேளை சாப்பிடும் நாய்க்கு மூன்றாவது வேளைக்கென்று தனியாக ஏதாவது வைக்க வேண்டும். வைப்பதற்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். மருந்தின் வீரியம் சில மணி நேரமே நிற்பதால், மதிய வேளை தள்ளிப்போன நாட்களில் மறுபடி ஈரம். ஊருக்குப் போகும்போது நாயைப் பார்த்துக்கொள்ள வருபவரும் இந்த நேரக் கணக்கையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மாதம் சமாளிக்கலாம். பத்து வருடம் எப்படி?

மாத்திரை நாளுக்கு ஒரு முறைதான். எடைக் கணக்கும் கிடையாது. சிறிய நாயோ பெரிய நாயோ, 1 மில்லிகிராமில் தொடங்குவார்கள். போதாவிட்டால் 2 மில்லிகிராம். பலன் நிலைத்தபின் 0.5 மில்லிகிராம். சில நாய்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தாலே போதுமாம். எவ்வளவு குறைவாகக் கொடுத்துக் கசிவை நிறுத்த முடிகிறது என்று பார்த்துப் பார்த்துக் குறைப்பதுதான் இதன் முறையே. பொன்னிக்கு இப்போது காலைச் சாப்பாட்டோடு அரை மாத்திரை. பலன் தெரியச் சற்றுப் பொறுமை வேண்டும். எங்களுக்குச் சிரப்பைவிட அதிக நாள் எடுத்தது. அதுவரை துவைக்கக்கூடிய விரிப்பும், சிறுநீர் பட்ட தோலைக் கழுவித் துடைப்பதும்தான் துணை. தண்ணீரைக் குறைத்து மட்டும் வைத்துவிடாதீர்கள்.

பக்க விளைவுகள் இரண்டிலும் உண்டு. சிரப் இரத்த அழுத்தத்தை ஏற்றும். பசி குறையலாம், அமைதியின்மை வரலாம். பொன்னி சில இரவுகள் படுக்காமல் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தாள். பக்கவாத அபாயம் காரணமாக 2000-இல் அமெரிக்காவில் மனிதர்களுக்கான சளி மாத்திரைகளிலிருந்து விலக்கப்பட்டதும் சிரப்பில் உள்ள இதே ஃபீனைல்புரோபனோலமைன்தான். நாய்களுக்கு இது அங்கீகரிக்கப்பட்ட மருந்து என்றாலும், இதயம், சிறுநீரகம், இரத்த அழுத்தம் ஆகியவற்றில் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எஸ்ட்ரியோலால் பெண்குறியும் மடியும் வீங்கலாம். ஆண்நாய்கள் பின்னால் சுற்றலாம். அளவைக் குறைத்தால் இவை பொதுவாக அடங்கிவிடும். மாத்திரையைத் தொட்டால் கை கழுவ வேண்டும். கருவுற்ற பெண்கள் வெறுங்கையால் தொடவே கூடாது. கருத்தடை செய்யாத பெண்நாய்க்கு இதைக் கொடுக்கக் கூடாது.

ஆண்நாய்களுக்கு இந்த ஹார்மோன் மாத்திரை இல்லை. சிரப்பின் மூலமருந்தைச் சில மருத்துவர்கள் தருவதுண்டு. ஆனால் நான் ஆண்நாய் வளர்த்ததில்லை என்பதால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் முறையும் இருக்கிறது; ஈஸ்ட்ரோஜன் இருந்தால் அந்தத் தசை சிரப்புக்கு இன்னும் நன்றாக இசைந்து கொடுக்கும் என்பது அதன் அடிப்படை. பொன்னிக்கு அது தேவைப்படவில்லை.

பகலெல்லாம் வீட்டில் ஆள் இருக்கும் குடும்பம், உடனே பலன் வேண்டும், நாயின் இதயமும் நன்றாக இருக்கிறது என்றால் சிரப்பில் தொடங்கலாம். மற்றவர்கள் மருத்துவரிடம் முதலில் மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். எதை எடுத்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.