தின் லிஸ்ஸியின் கடைசி ஆல்பம்: பல வருடம் கேட்ட பிறகு

‘தண்டர் அண்ட் லைட்னிங்’ 1983-ல் வந்தது. அயர்லாந்து ராக் பேண்டான தின் லிஸ்ஸிக்கு அது பன்னிரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம். பாடகரும் பேஸ் கிட்டாரிஸ்டுமான பில் லைனட் அவர்களோடு பாடிய கடைசி ஸ்டுடியோ ஆல்பமும் அதுதான். பல வருடங்களாக அதை விடாமல் கேட்டு வருகிறேன். “பழைய பேண்டு, காலத்துக்கேற்ப மெட்டலுக்குத் தாவிவிட்டது” என்று சொல்லி ஒதுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கனத்த, வேகமான ராக் பாணியான மெட்டல் பக்கம் போனது உண்மைதான். அந்த வருடங்களில் பிரிட்டனில் இளம் மெட்டல் பேண்டுகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றான டைகர்ஸ் ஆஃப் பான் டாங்கில் கிட்டார் வாசித்த ஜான் சைக்ஸ், கிட்டாரிஸ்ட் ஸ்னோயி வைட் விலகிய இடத்துக்கு வந்து சேர்ந்தார். தயாரிப்பாளர் கிறிஸ் சங்காரிடிஸும் மெட்டல் பதிவுகளில் ஊறியவர். முதல் பாட்டிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். 1976-ன் ‘ஜெயில்பிரேக்’ ஆல்பத்தில் இரண்டு கிட்டார்கள் கைகோத்துக்கொண்டு ஒரே மெட்டைப் பாடும். இங்கே ஒரு கிட்டார் முன்னால் பாய்கிறது.

ஆனால் ‘கோல்ட் ஸ்வெட்’டைக் கவனித்துக் கேளுங்கள். லைனட்டும் சைக்ஸும் சேர்ந்து எழுதிய பாட்டு. திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார் துண்டு, அதாவது ரிஃப், முழுக்க முழுக்கப் புதுக்காலத்து மெட்டல். அதன்மேல் லைனட் ஒரு சூதாடியின் கதையைச் சொல்கிறார். சொற்களைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, பேசுவது போலவே பாடுகிறார். கிட்டார் எவ்வளவு அவசரப்பட்டாலும் அவர் அவசரப்படுவதில்லை. எனக்கு இந்த ஆல்பத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பாணி மாறியிருக்கிறது, கதைசொல்லி மாறவில்லை. பிரையன் டவுனியின் டிரம்ஸும் அப்படித்தான், எத்தனை வேகத்திலும் ஒரு துள்ளல் இருக்கும்.

ஆரம்பத்தில் வேகப் பாட்டுகளைத்தான் திரும்பத் திரும்பப் போடுவேன். இப்போது அதிகம் கேட்பது ‘தி சன் கோஸ் டவுன்’. ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் மெதுவான பாட்டு. டேரன் வார்ட்டனின் கீபோர்டு அடியில் பனி போலப் படர்ந்திருக்க, லைனட் குரலை உயர்த்தாமலே பாடி முடிக்கிறார். 1986 ஜனவரியில், 36 வயதில் அவர் இறந்துபோனார் என்று தெரிந்துகொண்டு கேட்கும்போது மனசு கனத்துத்தான் போகிறது. அந்த விஷயம் தெரியாதவர்களுக்கும் இது அருமையான பாட்டுதான்.

குறைகளும் உண்டு. ‘சம்டே ஷி இஸ் கோயிங் டு ஹிட் பேக்’ இத்தனை வருடத்தில் மனசில் ஒட்டவே இல்லை. ‘பேபி ப்ளீஸ் டோன்ட் கோ’ சுமார். ஒலிப்பதிவில் மேல்சுரங்கள் கொஞ்சம் கூர்மை, ஹெட்போனில் முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் காது களைத்துவிடும். ஸ்பீக்கரில், ட்ரெபிளைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டால் பேஸ் கிட்டார் வெளியே வருகிறது.

அதே வருடம் வந்த ‘லைஃப்’ என்ற மேடைக் கச்சேரிப் பதிவில் இந்தப் பாட்டுகளில் சில இருக்கின்றன. பழைய பாட்டுகளுக்கு நடுவே அவை துருத்திக்கொண்டு நிற்கவில்லை. ‘ஜெயில்பிரேக்’ மட்டும் தெரிந்தவர்கள் ‘கோல்ட் ஸ்வெட்’டில் ஆரம்பித்து, அடுத்து ‘தி சன் கோஸ் டவுன்’ கேளுங்கள். தலைப்புப் பாட்டின் சத்தத்துக்கு அப்புறம் வரலாம்.