பணி நினைவகம்: இடம் போதவில்லையா, துல்லியம் போதவில்லையா?

பார்த்ததைச் சில நொடிகள் மனதில் தாங்கிவைக்கும் திறனே பணி நினைவகம். அதை அளக்கும் ஒரு சோதனையில் சில வண்ணச் சதுரங்கள் ஒரு நொடிக்கும் குறைவாகத் திரையில் தோன்றி மறைகின்றன. அவற்றில் ஒன்றின் நிறத்தை வண்ண வளையத்தில் தொட்டுக் காட்ட வேண்டும். சதுரங்கள் கூடக் கூடப் பிழையும் கூடுகிறது. ஏன் என்பதில்தான் ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள்.

ஸ்டீவன் லக், எட்வர்ட் வோகல் இருவரும் 1997இல் முன்வைத்த பார்வையில், நினைவில் மூன்று நான்கு இடங்களே உண்டு. அவை நிறைந்துவிட்டால் அடுத்த பொருள் அறவே பதியாது. கேட்டால் வெறும் ஊகம்தான்.

பால் பேஸ், மசூத் ஹுசைன் 2008இல் இதை மறுத்தார்கள். எண்ணிக்கைக்குக் கறாரான வரம்பு கிடையாது. உள்ள திறன் எல்லாப் பொருள்களுக்கும் பகிரப்படுவதால் ஒவ்வொன்றும் மங்குகிறது. கவனத்தை ஈர்க்கும் பொருளுக்குக் கூடுதல் பங்கு போகும், மற்றவை இன்னும் மங்கும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போதே துல்லியம் சரிகிறது. மூன்று நான்கு இடங்கள் இருக்க, அது ஏன் சரிய வேண்டும்? ஒரே பொருள் பல இடங்களைப் பிடிக்கலாம் என்று இடக் கோட்பாட்டாளர்கள் திருத்திக்கொண்டார்கள். அந்தத் திருத்தமே பகிர்வை நோக்கி ஓர் அடி என்பது என் எண்ணம்.

ஆனாலும் ஆறு சதுரங்கள் வந்தால் சில விடைகள் ஊகம்போல வளையமெங்கும் சிதறுகின்றனவே? துல்லியம் பொருளுக்குப் பொருள், முறைக்கு முறை ஏறி இறங்குகிறது என்பது பகிர்வுத் தரப்பின் பதில். மிக மங்கிய நினைவை வெறும் ஊகத்திலிருந்து பிரித்துக் காட்டும் சோதனையில்தான் வழக்கு நிற்கிறது.